ரத்தான வாரண்டும் நான் சொன்ன சாட்சியும்

போன வருடம் நான் ஓய்வு பெற்றபோது ஆபீஸில் ஒரு மதிய விருந்து வைத்தார்கள். பிரியாணி, கேக், பலூன் எல்லாம் இருந்தன. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த ரம்யா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: “அங்கிள், இத்தனை வருஷ கரியர்ல உங்களால மறக்கவே முடியாத சாஃப்ட்வேர் பக் எது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த அன்று ஒரு நூலகத்தின் கம்ப்யூட்டர் நூறு வயதுக் கிழவர் ஒருவரைக் கைக்குழந்தை என்று பதிவு செய்துவிட்ட கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது யாரோ சொல்லி நான் கேட்ட கதை. என்னுடையது அல்ல.

என்னுடையதை என் மனைவி நூர்ஜஹானிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அவளிடமும் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

ராயப்பேட்டையில் வளர்ந்து, கணிதம் படித்து, மவுண்ட் ரோடில் ஒரு மாடியறையில் கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு, 1997இல் டெக்சாஸ் வந்தவன் நான். பெயர் முகைதீன். அந்தப் பெயர் இங்கே யார் வாயிலும் நுழையாததால் ஆபீஸில் ‘டீன்’ ஆனேன். இர்விங்கில் ஒரு அபார்ட்மெண்டில் குடியிருந்தோம். லாஸ் கொலினாஸில் இருந்த ஒரு தொலைபேசிக் கம்பெனியில் வேலை. 2001 டிசம்பரில் ஒரே காலையில் எங்கள் தளம் முழுவதையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஹெச்-1 விசாவில் இருந்தேன். வேலை இல்லாமல் இந்த நாட்டில் இருக்க எனக்கு அனுமதி கிடையாது. நூர்ஜஹானுக்கு அப்போது ஏழாம் மாதம்.

இரண்டாவது வாரம் லாரன்ஸ் சார் கூப்பிட்டார். திருச்சிக்காரர். பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து ஒரு சின்ன கன்சல்டிங் கம்பெனி நடத்தினார். பக்கத்து மாவட்டம் ஒன்றின் நீதிமன்றப் பதிவு அலுவலகத்துக்கு மென்பொருள் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் அவரிடம் இருந்தது. “பாய், திங்கக்கிழமை வந்துடுங்க. பேப்பர் வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ. எங்கள் இரண்டாவது மகள் பிறந்தபோது, நான் மாவட்ட அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருக்க, நூர்ஜஹானை மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். என் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்ததும் அவருடைய கம்பெனிதான்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார், பிறகுதான் பதில் வரும். இன்னொரு வழக்கம் உண்டு. மெயிலில் எதையாவது கேட்டால் மெயிலில் பதில் போட மாட்டார். எழுந்து நம் மேஜைக்கு நடந்து வந்து, ஒரு கையை நாற்காலியின் முதுகில் வைத்துக்கொண்டு, வாயால் சொல்லிவிட்டுப் போவார். அதை நான் மரியாதை என்று நினைத்தேன். மரியாதையும்தான். ஆனால் அவர் சொன்னது எதுவும் எந்தத் தாளிலும் இருக்காது.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கோர்ட் தேதியில் ஆஜராகாவிட்டால் நீதிபதி வாரண்ட் போடுவார். அது மாவட்டப் போலீஸான ஷெரீஃப் அலுவலகத்தின் பட்டியலில் ஏறும். சாலையில் எந்த போலீஸ்காரர் அந்த ஆளின் காரை நிறுத்தினாலும் வயர்லெஸ்ஸில் பெயரைச் சொன்ன உடனே ‘வாரண்ட் இருக்கிறது’ என்று பதில் வந்துவிடும். அந்த ஆள் பிறகு தானாக வந்து நீதிபதி முன் நின்றால் வாரண்டை ரத்து செய்வார்கள். ரத்தானது கோர்ட்டின் கம்ப்யூட்டரில் பதிவாகும். தினமும் ஒருமுறை எங்கள் புரோகிராம் ஓடி, ரத்தானவற்றை ஷெரீஃப் பட்டியலிலிருந்து நீக்கும்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு இடத்திலும் பெயரை ஒரே மாதிரி எழுதியிருக்க மாட்டார்கள். ஒரு இடத்தில் நடுப்பெயர் இருக்கும், இன்னொரு இடத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் புரோகிராம் வாரண்டைத் தொடாது. அந்தப் பெயரை ‘ரிஜெக்ட்’ என்று ஒரு பட்டியலில் தள்ளிவிடும். காலையில் அதை அச்செடுத்து, ஸ்கேலை வைத்து வரிவரியாகப் பார்த்து, கோர்ட் கோப்போடு ஒப்பிட்டு, ஷெரீஃப் அலுவலகப் பதிவறைக்குப் போன் செய்ய வேண்டும். அங்கே பெட்டி என்று ஒரு அம்மாள். நான் வாரண்ட் எண்ணைப் படிப்பேன், அவர் திருப்பிப் படிப்பார், நான் ஆமாம் என்பேன். இரண்டு விநாடி கழித்து, “அது போயிடுச்சு, கண்ணு” என்பார். அடுத்த எண். முதல் ஒரு வருடம் இப்படி ஒரு பெயரைக்கூட நான் விட்டதில்லை.

2003இல் புதிய சிஸ்டத்துக்கு மாறும் வேலை வந்தது. ஒப்பந்தத்தின் அளவு குறைந்ததால் எங்களில் இரண்டு பேர் போனார்கள். என்னைப் புதிய வேலைக்கு மாற்றினார்கள். ரிஜெக்ட் பட்டியல் தினமும் அச்சாகி, பிரிண்டர் பக்கத்திலிருந்த ஒரு சாம்பல் நிற டிரேயில் விழுந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்க்க ஆள் இல்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு லாரன்ஸ் சாருக்கு ஒரு மெயில் போட்டேன். அவர் நடந்து வந்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

“பாய், கோ-லைவ் முடிஞ்சு புது சிஸ்டம் ஓட ஆரம்பிக்கட்டும். அதுல இந்தப் பிரச்சினையே இருக்காது. அதுவரைக்கும் நீங்க அந்த டிரேயில டைம் வேஸ்ட் பண்ண வேணாம்.”

“நடுவுல யாராவது மாட்டிக்கிட்டா சார்?”

“மாட்டினா பெட்டி கூப்பிடுவாங்க. உடனே ஃபிக்ஸ் பண்ணிடலாம்.”

பெட்டி கூப்பிட்டார். முதல் தடவை ஒரு நர்ஸ். டியூட்டிக்குப் போகும் வழியில் பிடித்து, ஒரு பிற்பகல் முழுவதும் உட்காரவைத்து, பிறகு விட்டார்கள். இரண்டாவது தடவை ஒரு மெக்சிகோ முதியவர். பேரப்பிள்ளைகள் காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்க விலங்கு மாட்டினார்களாம். இரண்டு பெயரும் அந்த டிரேயில் இருந்தன. இரண்டையும் நீக்கினேன். இரண்டாவதற்குப் பிறகு, பிழை அறிக்கை எழுத வேண்டுமா என்று லாரன்ஸ் சாரிடம் கேட்டேன். “ஃபிக்ஸ் ஆயிடுச்சுல்ல? அப்புறம் ரிப்போர்ட் எதுக்கு?” என்றார். நான் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவர் என் கையைப் பிடிக்கவும் இல்லை.

மூன்றாவது தடவை பெட்டி கூப்பிட்டபோது வழக்கமான ‘கண்ணு’ இல்லை. “டீன், இந்த வாரண்டை யாரும் இனிமே அழிக்கக் கூடாதாம். வக்கீல்கள் கேக்கறாங்க” என்றார்.

இந்த முறை மாட்டிக்கொண்டவரை கர்ட்டிஸ் என்று சொல்கிறேன், உண்மைப் பெயர் வேறு. ஏ.சி. பழுதுபார்க்கும் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். காலாவதியான லைசென்ஸ் சம்பந்தமாக ஒரு கோர்ட் தேதியைத் தவறவிட்டிருக்கிறார். வாரண்ட் விழுந்தது. அதைத் தெரிந்துகொண்டு அவரே வேலைக்கு லீவு போட்டு வந்து நீதிபதி முன் நின்று ரத்து செய்துகொண்டு போயிருக்கிறார். அப்பாவின் பெயரே அவருக்கும் என்பதால், கோர்ட் கோப்பில் அவர் பெயருக்குப் பின்னால் ‘ஜூனியர்’ என்று இருந்தது. ஷெரீஃப் பட்டியலில் இல்லை. புரோகிராம் அதை டிரேயில் தள்ளியது. மூன்று மாதம் அங்கேயே கிடந்தது.

2004 பிப்ரவரியில் பின்விளக்கு எரியவில்லை என்று அவர் வேனை நிறுத்தினார்கள். வாரண்ட் இருப்பதாக வயர்லெஸ்ஸில் பதில் வந்தது. “அது முடிஞ்சுபோச்சு, என்கிட்ட பேப்பர் இருக்கு, வீட்ல இருக்கு” என்று அவர் சொல்லியிருக்கிறார். போலீஸ்காரர், “கம்ப்யூட்டர்ல இருக்கே” என்றிருக்கிறார். கைது செய்தார்கள். கைது செய்ததால் வேனைச் சோதனை போட்டார்கள். சீட்டுக்கு அடியில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. கர்ட்டிஸ் பத்தொன்பது வயதில் ஒரு திருட்டு வழக்கில் தண்டனை பெற்றவர். அப்படிப்பட்டவர் துப்பாக்கி வைத்திருந்தாலே இங்கே மத்திய அரசின் சட்டப்படி குற்றம். வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனது.

அரசுத் தரப்பு வக்கீல் என்னையும் லாரன்ஸ் சாரையும் ஒரு சிறிய அறையில் உட்காரவைத்து விளக்கினார். செல்லாத வாரண்டை வைத்துச் செய்த கைது தவறு. அந்தச் சோதனையும் அரசியலமைப்புக்கு விரோதம். இதை அவர் மறுக்கவே இல்லை. பொதுவாக அப்படிக் கிடைத்த சாட்சியத்தைக் கோர்ட் ஏற்காது. போலீஸ் மறுபடியும் அப்படிச் செய்யாமல் இருப்பதற்காக. ஆனால் இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. போலீஸ்காரர் நல்லெண்ணத்தோடு பட்டியலை நம்பியிருந்து, தப்பு கோர்ட் பதிவு ஊழியர் பக்கம் இருந்தால் சாட்சியம் நிற்கும். ஊழியர் செய்த தப்புக்குப் போலீஸைத் தண்டித்து என்ன பயன் என்பது வாதம்.

“ஆக, நீங்கள் வந்து, அது உங்கள் தப்பு என்று சொன்னால் போதும்” என்றார் என்னிடம். “ஒரே ஒரு விஷயம்தான். அந்தப் பட்டியல் அடிக்கடி தப்பாக இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் கதை வேறு. அப்படியொன்றும் இல்லையே?”

நான் லாரன்ஸ் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “தனிப்பட்ட ஒரு பிழைதான்” என்றார்.

திரும்பும்போது அவர்தான் ஓட்டினார். ஃப்ரீவேயில் ஏறியதும் பேச ஆரம்பித்தார்.

“பாய், உங்கள பொய் சொல்லச் சொல்லல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேக்காதத நீங்களா எடுத்துக் குடுக்காதீங்க.”

“அந்த நர்ஸ் விஷயம் கேட்டா சார்?”

“அவங்களுக்கு எப்படித் தெரியும்? எதுலயும் பதிவே இல்லையே.” இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டே, “உங்க கிரீன் கார்டு எந்த ஸ்டேஜ்ல இருக்கு?” என்றார்.

“ஃபிங்கர்பிரிண்ட் முடிஞ்சுது சார்.”

“கான்ட்ராக்ட் போச்சுன்னா கம்பெனி இல்ல. கம்பெனி இல்லைன்னா உங்க ஃபைலும் இல்ல. பயமுறுத்தறதுக்காகச் சொல்லல பாய். எனக்கே ராத்திரில தூக்கம் இல்ல.”

அவர் சொன்னது உண்மை. அவர் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறியவன் நான்.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலை. போலீஸ்காரர் முதலில் சாட்சி சொன்னார். இளைஞர், பணிவானவர். கர்ட்டிஸ் பேப்பர் இருப்பதாகச் சொன்னதை மறைக்காமல் சொன்னார். “நான் கம்ப்யூட்டரை நம்பினேன்” என்றார். அடுத்து நான். உண்மை சொல்வேன் என்று உறுதிமொழி எடுத்தேன். கர்ட்டிஸ் வெளிறிய நீலச் சட்டையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்வரிசையில் ஒரு பெண், அவருடைய அக்கா என்று பிறகு தெரிந்தது.

அரசு வக்கீலின் கேள்விகள் எளிதாக முடிந்தன. வாரண்ட் ரத்தானதா? ஆம். பட்டியலில் இருந்து நீங்கியதா? இல்லை. ஏன்? பெயர் ஒத்துப்போகவில்லை, அதை நான் சரிபார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. “என் தப்பு” என்று நானே சொன்னேன். அப்படிச் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. ஊரறியத் தப்பை ஒத்துக்கொள்கிறேன் என்று.

கர்ட்டிஸின் வக்கீல் டேனா, அரசு செலவில் நியமிக்கப்பட்டவர். வயது முப்பதுகூட இருக்காது. மேஜை முழுக்கக் காகிதம். அவர் எதையோ மோப்பம் பிடித்திருந்தார், ஆனால் கையில் எதுவும் இல்லை.

“இதற்கு முன் இப்படிப்பட்ட பிழை பற்றி உங்கள் அலுவலகத்தில் அறிக்கை எதுவும் பதிவாகியிருக்கிறதா?”

“இல்லை, பதிவாகவில்லை.”

அது உண்மை. பதிவாகவில்லை. பதிவு செய்யாதவன் நான்.

இன்னொரு கேள்வி டேனாவின் உதடு வரை வந்ததைப் பார்த்தேன். வரட்டும் என்று ஒரு பாதி, வேண்டாம் என்று ஒரு பாதி மனம். அவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அப்போது நீதிபதியே என் பக்கம் திரும்பினார். வயதானவர், தாழ்ந்த குரல்.

“நான் ஒன்று கேட்கிறேன். பொதுவாக இந்தப் பட்டியலை ஒரு போலீஸ்காரர் நம்பலாமா? நம்பகமான ஏற்பாடுதானா?”

அந்த நிமிடம் அந்த டிரேயில் ஒரு சாண் உயரத்துக்குத் தாள் இருந்தது.

“ஆம், யுவர் ஆனர்” என்றேன்.

மதிய உணவுக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது. சோதனை சட்டவிரோதமானது என்று நீதிபதி தெளிவாகச் சொன்னார். ஆனால் போலீஸ்காரர் நல்லெண்ணத்தோடு நடந்தார், பிழை ஒரு பதிவு ஊழியருடையது, அது தனித்த ஒன்று, ஏற்பாடு பொதுவாக நம்பகமானது என்று சாட்சியம் இருக்கிறது, ஆகவே துப்பாக்கி சாட்சியமாக நிற்கும். ‘சாட்சியம் இருக்கிறது’ என்றது என் ஒரு வார்த்தையை.

வராந்தாவில் லிஃப்டுக்காக நின்றேன். அந்த அக்கா என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“உங்களுக்கு நன்றி சொல்ல வந்தேன். வாரண்ட் இல்லை என்று என் தம்பி தொண்டை கிழியச் சொன்னான், யாரும் நம்பவில்லை. நீங்கள் ஒருவர்தான் இத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னீர்கள். மற்றவர்கள் யாரும் தப்பை ஒத்துக்கொள்ளவில்லை.”

என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன். என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ‘பரவாயில்லை’ என்று சொல்லியிருப்பேனோ என்று பயம்.

வீட்டுக்கு வந்ததும் நூர்ஜஹான், “என்னங்க ஆச்சு? முகமே சரியில்லையே” என்றாள். கோர்ட்டில் சாட்சி சொன்னதைச் சொன்னேன்.

“தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கிட்டீங்கல்ல? அதுக்கு மேல மனுஷன் என்ன செய்வான்? உண்மைய சொல்லிட்டீங்க, அல்லா பாத்துப்பான். வந்து சாப்பிடுங்க” என்றாள். நான் சாப்பிட்டேன்.

மறுநாள் டிரேயைத் தூக்கி என் மேஜையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. மூன்று நாள் ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். ரத்தாகியும் உயிரோடு இருந்த வாரண்டுகள் பத்தொன்பது. ஒவ்வொன்றாக பெட்டியிடம் படித்தேன். பத்தாவது எண்ணுக்கு மேல் அவர் ‘கண்ணு’ சொல்வதை நிறுத்திவிட்டார். லாரன்ஸ் சார் ஒருமுறை கடந்து போனார். நின்று பார்த்தார். திரும்பி வந்து மேஜையில் ஒரு காப்பியை வைத்துவிட்டுப் போனார்.

அந்த மூன்று நாள் வேலையை எல்லாம் லாரன்ஸ் சாருக்கு மெயில் போட்ட மாதமே செய்திருக்க முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பத்தொன்பது பெயரையும் எடுத்துக்கொண்டு டேனாவிடம் போயிருக்கவும் முடியும். கர்ட்டிஸ் அப்போது குற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம்தான் ஒத்துக்கொண்டார். துப்பாக்கி சாட்சியமாக நின்ற பிறகு அவருக்கு வேறு வழி இல்லை. மூன்றரை வருடம் கொடுத்தார்கள். என் கிரீன் கார்டு அந்த வருடக் கடைசியில் வந்தது.

துப்பாக்கி இருந்தது உண்மைதானே என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். அவர் அதை வைத்திருக்கக் கூடாது என்பதும் உண்மைதானே. இரண்டும் உண்மை. ஆனால் என்னிடம் யாரும் துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டது டிரேயைப் பற்றி.

2009 தொடக்கத்தில் ஒரு நாள் பத்திரிகையில் செய்தி வந்தது. ஏறக்குறைய இதே மாதிரி வழக்கு, வேறு மாநிலம். இந்த முறை தப்பு செய்தது போலீஸ் பக்கத்துப் பதிவு ஊழியர். அப்போதும் சாட்சியம் நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பை இணையத்தில் தேடி, அகராதி வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். தனித்த கவனக்குறைவு என்றால் விலக்கு உண்டு. தொடர்ந்து நடக்கும் அலட்சியம் என்றால் கதை வேறு என்று அதில் இருந்தது. ஐந்து வருடம் முன்பு அந்தச் சிறிய அறையில் அரசு வக்கீல் சொன்ன அதே கோடு. அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் கர்ட்டிஸ் விழ வேண்டும் என்பதை நான் தீர்மானித்திருக்கிறேன்.

டேனாவைக் கண்டுபிடித்துப் போன் செய்தேன். என்னை அவருக்கு ஞாபகம் இருந்தது. “அந்த விசாரணைக்கு முன்பே வேறு பிழைகள் நடந்திருந்தன. எனக்குத் தெரியும்” என்றேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“இதற்கு மேல் சொல்லாதீர்கள்” என்றார். “நான் கர்ட்டிஸின் வக்கீல், உங்கள் வக்கீல் அல்ல. நீங்கள் சொல்லப்போவதால் உங்கள் மேலேயே வழக்கு வரலாம். முதலில் உங்களுக்கென்று ஒரு வக்கீலைப் பாருங்கள். பிறகு எழுத்தில் கொடுங்கள். அவர் வெளியே வந்துவிட்டார், இன்னும் கண்காணிப்பில் இருக்கிறார். தீர்ப்பை மாற்ற முடியுமா என்று என்னால் இப்போது சொல்ல முடியாது. ஆனால் எழுத்தில் இல்லாமல் என்னால் எதுவும் செய்ய முடியாது.”

“நாளைக்குக் கூப்பிடுகிறேன்” என்றேன்.

கூப்பிடவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் கூப்பிட்டார், எடுக்கவில்லை. அவர் விட்டிருந்த செய்தியைக் கேட்டேன். கோபமே இல்லாத குரல். தன் எண்ணை இரண்டு முறை நிதானமாகச் சொல்லியிருந்தார், நான் எழுதிக்கொள்ள வசதியாக. அழித்துவிட்டேன்.

அதே வருடம் கோடை முடிவில் நானும் நூர்ஜஹானும் குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பினோம். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் சிரித்துவிட்டாள்.

“இங்க பாருங்களேன். குற்றம் ஏதாவது செஞ்சுட்டு அரெஸ்ட் ஆகாம இருந்திருக்கீங்களான்னு கேக்கறாங்க. யாராவது இதுக்கு ஆமான்னு போடுவாங்களா? நோ போடுங்க.”

‘நோ’ கட்டத்தில் குறி போட்டேன். பக்கத்தைத் திருப்பி, அடுத்த கேள்வியைப் படி என்று அவளிடம் சொன்னேன்.